பீடாதிபதியும் டீனும்

"உங்க ஊர்ல டீனை ஓட்டுப் போட்டுத்தானே எடுக்கிறீங்க? ஒரு கையெழுத்துக்கே சபையைக் கூட்டணுமாமே, அப்புறம் காலேஜ் எப்படிங்க ஓடும்?"

தங்கை மகனைச் சேர்ப்பதற்காகக் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றுக்குப் போயிருந்தபோது, அங்கே கற்பிக்கும் இளைஞர் ஒருவர் கேட்டது இது. பகைமையோடு கேட்கவில்லை; எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்துவிட்டுத்தான் கேட்டார். ஆனாலும் பேராதனையில் படித்து, திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு அது தைத்தது. அன்று சிரித்துவிட்டு வந்தேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு பீடத்துக்கு ஒரு பீடாதிபதிதான். அந்தக் கல்லூரியின் ஒரே தாழ்வாரத்தில் வேலைவாய்ப்புக்கு ஒரு டீன், ஆராய்ச்சிக்கு ஒரு டீன், மாணவர் நலனுக்கு ஒரு டீன் என்று பெயர்ப்பலகைகளைக் கண்டேன். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இப்படித்தான், பணிக்கு ஒருவராகப் பல டீன்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் டீன் என்பவர் கல்லூரிக்கே தலைவர். அங்கே ஊர்ச்சனத்தைக் கேட்டாலோ, டீன் என்றால் அரசு மருத்துவமனையின் பெரிய டாக்டர் என்பார்கள். எங்கள் நாட்டில் அந்த நாற்காலியில் இருப்பவர் வைத்தியசாலைப் பணிப்பாளர். ஆகவே அந்த இளைஞர் ஒரு பதவியை மனதில் வைத்துக் கேட்டார், நான் வேறொரு பதவியை மனதில் வைத்துக் கோபப்பட்டேன்.

எங்கள் பதவி சட்டத்தில் பிறந்தது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பீடாதிபதியை முழுநேர அலுவலராகவும், பீடத்தின் கல்விக்கும் நிருவாகத்துக்கும் தலைவராகவும் வைக்கிறது. பதவிக்காலம் மூன்று ஆண்டு. தெரிவு செய்வது பீடச் சபை. மூதவையிலும் பேரவையிலும் பதவி வழியாகவே அவருக்கு ஆசனம் உண்டு. அதே 1978இல்தான் கிண்டி, அழகப்பா, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றை ஒன்றுசேர்த்து அண்ணா பல்கலைக்கழகமும் எழுந்தது. ஒரே ஆண்டில் இரண்டு கரையிலும் சட்டம் எழுதினார்கள். அங்கே டீனை மேலிருந்து நியமிக்கிறார்கள். இங்கே கீழிருந்து அனுப்புகிறோம்.

இந்த வேறுபாடு அன்றாட வேலையில் எப்படித் தெரியும் என்பதற்கு என் கதையையே சொல்லலாம். இறுதியாண்டில் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது எனக்குக் கொப்புளிப்பான் போட்டது. எங்கள் பேச்சில் சொன்னால், 'மெடிக்கல்' போட்டேன். பீடாதிபதி சான்றிதழைக் கையில் எடுத்து, திகதியைப் பார்த்து, வைத்தியரின் முத்திரையைப் பார்த்து, என் முகத்துத் தழும்பையும் பார்த்தார். "எனக்கு நம்பிக்கை இருக்கு தம்பி, ஆனா இதை நான் தனிய முடிக்க ஏலாது" என்றார். விண்ணப்பம் பீடச் சபைக்குப் போய், மூதவைக்குப் போய், மாதங்கள் கழித்துத்தான் வந்தது. அடுத்த தடவை எழுதும்போது அதை 'றிப்பீற்' ஆகக் கணக்கிடாமல் முதல் அமர்வாகவே கொள்ளவேண்டும் என்பது முடிவு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'அரியர்' என்பதைத்தான் நாங்கள் றிப்பீற் என்போம். வகுப்புச் சித்தி அதில்தான் தொங்கும். அந்த முடிவு கூட்டக் குறிப்பில் ஏறியதால், எனக்குப் பின் காய்ச்சலில் விழுந்த பிள்ளை பீடாதிபதியின் தயவைத் தேடவேண்டி இருக்கவில்லை. ஒரு கையெழுத்துக்கே சபையா என்று அந்த இளைஞர் கேட்டது இதைத்தான். இதை நான் பாதுகாப்பு என்கிறேன்.

துறைத்தெரிவும் அப்படி ஒன்று. தமிழ்நாட்டில் கலந்தாய்வின்போதே சிவிலா மெக்கானிக்கலா என்று முடிவாகிவிடும். டீன் முன்னால் வரும் பிள்ளை தன் துறையோடுதான் வருகிறது. பேராதனையில் முதலாண்டுப் பெறுபேறு வந்தபிறகுதான் துறை. ஒரு புள்ளியில் மின்பொறியியலைத் தவறவிட்ட பிள்ளையின் தகப்பன் பீடாதிபதியின் கதவைத்தான் தட்டுவார். பல்கலைக்கழகத்துக்குள் யாரை எடுப்பது என்பதில் மட்டும் அவருக்குக் கையே இல்லை. அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியிலும் மாவட்ட ஒதுக்கீட்டிலும் தீர்க்கிறது. பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களில் எங்கள் திருகோணமலையும் ஒன்று. அந்தச் சலுகையில் நுழைந்த பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். நன்கொடை பற்றிப் பேச ஒருவரும் பீடாதிபதியின் அறைக்கு வருவதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பக்கத்தில் மெச்சவேண்டியது நிறைய உண்டு. கிண்டியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. இலங்கையில் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கொழும்பில் தொடங்கியது 1950இல். பேராதனைக்குப் போனது 1964இல். கோவைக் கல்லூரியின் வேலைவாய்ப்பு டீன் கம்பனிகளின் பெயரைச் சொந்தக்காரர் பெயர்போல ஒப்புவித்தார். எங்கள் பீடாதிபதிகளில் அப்படியொருவரை நான் கண்டதில்லை. தரத்திலும் ஒருவரை ஒருவர் தாழ்த்த இடமில்லை. பொறியியற் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் முழு உறுப்புரிமை பெற்றது ஒரே ஆண்டில், 2014இல். அந்தத் தர மதிப்பீட்டுக்குக் கோப்புகளை அடுக்கும் பாடு இரண்டு பக்கத்திலும் டீனுக்கு ஒன்றேதான்.

துக்கமும் ஒன்றுதான். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்து முதலாண்டு மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998இல் எங்கள் சட்டம் வந்தது. இரண்டு பிள்ளைகளுமே தமிழ்ப் பிள்ளைகள். ஒரு டீனின் பொறுப்புகளைப் பட்டியல் போடுபவர்கள் பாடத்திட்டத்தையும் வரவுசெலவையும் முதலில் எழுதுகிறார்கள். முதலில் எழுதவேண்டியது விடுதியில் இரவு பத்து மணிக்கு என்ன நடக்கிறது என்று அறிந்திருப்பது.

ஓட்டுப் போட்டு எடுப்பதை இளப்பமாக எண்ணுகிறவர்களுக்குப் பேராசிரியர் அழகையா துரைராஜாவைச் சொல்வேன். கேம்பிரிஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் எழுதிய களிமண் பற்றிய ஆய்வு, மண் பொறியியல் படிக்கும் எவரும் இன்றும் தாண்டிப்போக முடியாதது. சென்னையில் படிக்கும் பிள்ளையும் அதைப் படித்தே ஆகவேண்டும். அவர் எண்பதுகளின் முற்பகுதியில் பேராதனையில் பொறியியற் பீடாதிபதியாக இருந்தார், பின்னர் யாழ்ப்பாணத்தில் துணைவேந்தரானார். எண்பதுகளின் முற்பகுதி தமிழனுக்கு என்ன காலம் என்று நான் விளக்கவேண்டியதில்லை. அந்தக் காலத்தில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடியிருந்த சபைக்கு ஒரு தமிழர் தலைமை தாங்கினார். மேலிருந்து வரும் நியமனத்தை மட்டும் நம்பியிருந்தால் அன்றைய கொழும்பு அதைச் செய்திருக்குமா?

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடல், வணிகம், சித்த மருத்துவம் எல்லாம் அங்கே படிக்கலாம். பீடாதிபதிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேலே வளாக முதல்வர், துணைவேந்தர் இருப்பதோ வெருகல், வாகரை எல்லாம் தாண்டி வந்தாறுமூலையில். பொறியியற் பீடம் மட்டும் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஒலுவிலுக்கும் கிளிநொச்சிக்கும் பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் பெட்டி கட்டுகிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியற் பீடக் கட்டடங்கள் இந்திய அரசின் உதவியில் எழுந்தவை. அந்த நன்றியை மறைத்து எழுத எனக்கு மனம் வராது.

ஆனால் உலகம் வியக்கும் இயற்கைத் துறைமுகத்தைச் சுற்றி என்ன இல்லை? சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள், பிறீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, கடற்படைத் தளத்துக்குள்ளே கடற்படையின் கல்விக்கழகம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலமே கட்டமைப்புப் பொறியியலுக்கு ஒரு பாடம்; அதற்கு முன் 'பாதை' என்னும் மிதவைப் படகில் களப்பைக் கடந்த மூதூர்ப் பிள்ளைக்கு அதை விளக்கத் தேவையில்லை. இங்கே ஒரு பொறியியற் பீடம் வந்தால், அதன் பீடாதிபதி கோவைக் கல்லூரி டீனைப்போல ஒவ்வொரு தொழிற்சாலை வாசலுக்கும் போய் மாணவருக்குப் பயிற்சி இடம் கேட்பவராக இருக்கவேண்டும். மூன்று மொழியிலும் பெற்றோரோடு பேசத் தெரிந்தவராக இருக்கவேண்டும். அவரைத் தெரிவு செய்வதைப் பீடச் சபையின் கையிலேயே விடவேண்டும்.