எதை நினைக்கிறோம், எதை மறக்கிறோம்

புகலிடத்துச் சிற்றேடுகளில் பனைவடலி, கிணற்றடி, கோயில் திருவிழா மூன்றும் இல்லாத கவிதையைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது. டென்மார்க்கின் சிறுநகரொன்றில் மாரிகால இருளில் வேலைக்குப் போகிறவனுக்கு ஊர் ஞாபகம் வருவது இயல்பே. ஆனால், இக்கவிதைகள் எவற்றை நினைக்க மறுக்கின்றன என்பதே என் கேள்வி.

திருவிழாவுக்காக ஏங்குகிறோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சாதியின் பேரால் தடுக்கப்பட்டவர்களுக்கு அத்திருவிழா எப்படி ஞாபகம் வரும்? நாமெல்லோரும் இழந்தது ஒரே ஊரை அல்ல. சீதனத்துக்காகக் காலமெல்லாம் உழைத்த அண்ணன்மார் அந்த வழக்கத்தை நினைத்து ஏங்குவார்களா?

பிரிவைப் பற்றிய கவிதைகளிலும் இதே குறைதான். 1987இல் டெனிஷ் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடவைத்தார். சட்டப்படி வர உரிமையுள்ள மனைவியரும் பிள்ளைகளும் யுத்தத்துக்குள் காத்துக்கிடந்தனர். 1993 ஜனவரியில் வெளியான விசாரணை அறிக்கையால் ஷ்லூற்றரின் அரசு பதவி விலகியது. 1995இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. ஓர் அரசையே வீழ்த்திய பிரிவு இது. நான் வாசித்த கவிதைகளிலோ அது நிலவாகவும் பெருமூச்சாகவும் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

ஊரின் அழகை எழுதுகிறவர்கள் அங்கே அடைத்திருந்த கதவையும் எழுதட்டும். பிரிவை எழுதுகிறவர்கள் அதை நீட்டியவர் யாரென்றும் சொல்லட்டும். இங்கு பிறந்த எமது பிள்ளைகள் எம்மிடம் கேட்பது அந்தக் கதையைத்தான்.