மோர்மன் நெறியும் மலைநாட்டுச் சைவமும்: ஓர் ஒப்புநோக்கு

அட்டன், நுவரெலியா முதலிய மலைநாட்டுத் தோட்டப்புறங்களிலே கிறித்துவர் அனைவரையும் 'வேதக்காரர்' என்னும் ஒரே சொல்லாற் குறிப்பது நெடுநாள் வழக்கு. கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடித்தர், பிற்காலத்து வந்த பெந்தெகொத்தேயினர் ஆகிய யாவரும் அச்சொல்லுள் அடங்குவர். அமெரிக்க நாட்டில் 1830ஆம் ஆண்டு தோன்றிய மோர்மன் சபையைப் பற்றிச் செய்தித்தாள் வாயிலாகவோ வெளிநாட்டு உறவினர் வாயிலாகவோ கேள்வியுறும் இந்துவும், அதனை இத்தொகுதியுள் ஒன்றாகவே வைத்து எண்ணிவிடுகின்றான். எண்ணியபின் இரண்டிலொரு தீர்ப்பை அளிப்பான். "அவர்கள் பல மனைவியரை மணப்பவர்" என்று இகழ்வது ஒன்று. "மனிதன் கடவுளாகலாம் என்கிறார்களாம், அவர்கள் நம்மவரே" என்று தழுவிக்கொள்வது மற்றொன்று. இவ்விரண்டும் ஆராயாத தீர்ப்புகள்.

பிறர் மதத்தை மறுக்கப் புகுவோன் முதற்கண் அதனை அம்மதத்தார் கூறுமாறே எடுத்துரைத்தல் வேண்டும் என்பது சைவ நூன்மரபு. சிவஞான சித்தியாரின் பரபக்கம் அம்முறையில் அமைந்தது. ஆகவே மோர்மன் நெறியாளர் தம்மைப்பற்றிக் கூறுவதை முன்னர்க் காண்டல் தக்கது.

இச்சபையை நிறுவிய யோசேப்பு சிமித்து 1805இற் பிறந்தவர். பொற்றகடுகளில் எழுதப்பட்டிருந்த பழைய நூலொன்றைத் தேவதூதன் காட்ட, அதனை மொழிபெயர்த்ததாகக் கூறி 1830இல் 'மோர்மன் நூல்' என்பதனை வெளியிட்டார். 1844 சூன் 27ஆம் நாள் இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேசு நகரச் சிறையிலே கும்பலொன்றாற் கொல்லப்பட்டார். பின்வந்த பிரிகம் யங் என்பார் தம்மவரை மேற்கே நடத்திச் சென்று, 1847இல் உப்பேரிக் கரையிலே குடியேற்றினார். சபையின் முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை' என்பது. 'மோர்மன்' என்னும் குறும்பெயரை வழங்கவேண்டா என 2018 முதற் சபைத் தலைமை வற்புறுத்தி வருகின்றது. எனினும் உலகோர் அறிந்தது அக்குறும்பெயரே.

இந்து உலகிற்கும் இவர்கட்கும் உள்ள தொடர்பு புதிதன்று. 1850களின் தொடக்கத்திலேயே கல்கத்தாவிற்கு இவர்தம் ஊழியர் வந்தனர். 1853இல் இரிச்சட் பலந்தைன் முதலியோர் சென்னை சேர்ந்து போதித்தனர். அதே காலத்திற் சீயத்திற்கென அனுப்பப்பட்ட சோன்சி வெசுற்று, பெஞ்சமின் தூயி என்னும் இருவர் இலங்கைக்கு வந்து முயன்று, பயன் காணாது பம்பாய் சென்றனர். பலதார மணத்தைச் சபை 1852இல் வெளிப்படையாக அறிவித்திருந்தமையால் ஆங்கிலேயப் பாதிரிமாரும் பத்திரிகைகளும் இவர்களைக் கடுமையாகத் தாக்கின. 1856 அளவில் அம்முயற்சி ஓய்ந்தது. ஆறுமுக நாவலர் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்ட 1854ஆம் ஆண்டும் இக்காலப்பகுதியினுள்ளேயே அடங்கும். சைவக் கிரியைகளைப் பழித்த பாதிரிமாருக்கு, அவர்தம் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டி நாவலர் விடையிறுத்தார். ஒப்புமை ஆராய்ச்சி இந்துக்களுக்கு ஒரு படைக்கலமாயிற்று.

பலதார மணம்பற்றிய இகழ்ச்சியை இங்கு வைத்து நோக்குக. 1890இல் வில்போர்டு உட்ரப் வெளியிட்ட அறிக்கையால் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இன்று அதனை மேற்கொள்வோர் சபையினின்று விலக்கப்படுகின்றனர். அதனினும் பெரியது பிறிதொன்று. வள்ளி தெய்வயானை சமேதராகக் கதிர்காமத்திலும் தோட்டத்துக் கோயில்களிலும் முருகனை வழிபடும் மக்களை நோக்கி, 19ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் எறிந்ததும் இதே வசைக்கல்லன்றோ? இச்சாசத்தி கிரியாசத்தி என்று சைவர் அதற்குத் தத்துவங் கூறினர். தம்மேல் எறியப்பட்ட கல்லைப் பொறுக்கியெடுத்து இன்னொருவர்மேல் எறிவது அறிவுடையார்க்கு அழகன்று. 1893இற் சிக்காகோவில் நிகழ்ந்த சர்வமத மகாசபையிலே விவேகானந்தருக்கு மேடை கிடைத்தது. அந்நாட்டிலேயே பிறந்த மோர்மன் நெறிக்காகப் பேசவந்த பி. எச். உராபட்சு என்பாருக்கு முதன்மை மண்டபம் மறுக்கப்பட்டது. பிறர் ஏளனத்தின் கசப்பை இருசாராரும் சுவைத்தவர்.

இனி, "அவர்கள் நம்மவரே" என்னுங் கூற்று. இதற்கு ஆதாரம் சிறிது உண்டென்பதை மறுத்தல் இயலாது. 1844 ஏப்ரில் 7ஆம் நாள் சிமித்து நிகழ்த்திய புகழ்பெற்ற பேருரையிலே, உயிரின் அறிவுக்கூறு படைக்கப்பட்டதன்று, கடவுளைப் போலவே தொடக்கமற்றது என்றார். சடப்பொருளும் சூனியத்தினின்று உண்டாக்கப்படவில்லை என்றார். ஏனைக் கிறித்துவர் அனைவருக்கும் இது பெரும் மாறுபாடு. சைவ சித்தாந்திக்கோ இது கேட்டுப் பழகிய செய்தி. பதியினைப்போற் பசு பாசம் அனாதி. இல்லது தோன்றாது என்னுஞ் சற்காரிய வாதமும் அவனுடையதே. பிறப்பதற்கு முன்னரே உயிர் இருந்தது என்பதிலும், பெரும்பாலோர்க்கு முடிவில்லா நரகம் இல்லை என்பதிலும் இருநெறியும் அணுகி நிற்கின்றன. மேலுலகம் மூன்று தரத்தது என்னும் அவர் கொள்கையைக் கேட்கும் சைவனுக்குச் சாலோகம், சாமீபம் முதலிய பதமுத்திகள் நினைவிற்கு வருதல் இயல்பு.

ஆயினும் அடுத்த அடியிலேயே வழி பிரிகின்றது. சபையின் திருநூலொன்றின் 130ஆம் பிரிவு, பிதாவாகிய கடவுளுக்குத் தசையும் என்பும் உடைய உடம்பு உண்டு எனத் தெளிவாகக் கூறும். மேற்கண்ட பேருரையோ, கடவுள் ஒருகால் மனிதராயிருந்தார் என்பதுவரை செல்லும். அருவம், உருவம், அருவுருவம் என்னும் மூன்று திருமேனிகளும் அருளாற் கொண்டனவேயன்றி வினையான் வந்தன அல்ல என்னுஞ் சித்தாந்தத்தோடு இது சிறிதும் பொருந்தாது. பதி ஒருநாளும் பசுவாய் இருந்ததில்லை. பசுவும் பதியாகப் போவதில்லை. மலம் நீங்கிச் சிவத்தோடு அத்துவிதமாகி நின்றவிடத்தும் ஐந்தொழில் அதற்கு இல்லை. மோர்மன் நெறியில் உயர்நிலை எய்தியோர் கடவுளரைப்போல் மக்களைப் பெருக்கி ஆளும் நிலையை அடைவர். அந்நிலைக்குக் கணவன் மனைவியாக ஆலயத்தில் இணைக்கப்படுதலும் இன்றியமையாதது. வீடுபேற்றுக்கு இல்லறப் பிணைப்பை வாயிலாக்கும் அந்நெறியும், பற்றறுத்தலை வாயிலாக்கும் இந்நெறியும் ஒன்றென்பார் இரண்டினையும் அறியாதார்.

உண்மையான ஒப்புமையை நாடுவோர் சித்தாந்த நூல்களினும் லயத்துக் கோடியிலுள்ள சிறு கோயில்களை நோக்குதல் நன்று. மதுரைவீரன் மனிதனாய் வாழ்ந்து, வெட்டுண்டு, தெய்வமானவன். தோட்டந்தோறும் முனியாண்டியும், தேயிலைத் தொழிற்சாலையின் சில்லோடு தொடர்புடைய ரோதைமுனியும், கவ்வாத்துச் சாமியும் வழிபடப்படுகின்றனர். மனிதருக்கும் தெய்வத்துக்கும் இடையே கடக்கலாகாத அகழி இல்லை என்னும் உணர்ச்சி அங்குள்ளது. ஆனால் மதுரைவீரன் தானே முயன்று தெய்வமாகவில்லை. அநியாயமாக இறந்தவனை மறக்கவியலாத மக்கள் அவனைத் தெய்வமாக்கினர். மோர்மன் அடியானோ உடன்படிக்கைகளைக் காத்துத் தானே ஏறிச்செல்பவன். மாரியம்மனைத் தாயென்று கூவியழைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு இன்னொன்றும் வியப்பாயிருக்கும்: விண்ணகத் தாய் ஒருத்தி உண்டென்று இவர்கள் நம்புகின்றனர், ஆனால் அவளை நோக்கி வேண்டுதல் செய்வதில்லை.

ஒழுக்கத்தைப் பொறுத்தவரை, 1833இல் சிமித்து அளித்த 'ஞான வார்த்தை' மதுவையும் புகையிலையையும் விலக்கும். புலாலை அருகியே உண்ணச் சொல்லும். சாராயத்தாற் சீரழியும் குடும்பங்களைக் கண்டு வருந்தும் தோட்டத்துப் பெரியோர் இதனைப் பாராட்டாதிரார். அவ்வார்த்தையே 'சூடான பானங்கள்' என்னுந் தொடராற் கோப்பியையும் தேயிலையையும் விலக்குகின்றது. மலைநாட்டைத் தமிழர் கையால் உருவாக்கிய பயிர்கள் இவ்விரண்டுமே. 1820கள் முதற் கோப்பிக்காகக் காடு வெட்டினர். 1869இற் கண்ட இலைநோயாற் கோப்பி அழிய, லூல்கந்துரையில் 1867இல் யேம்சு தெயிலர் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. வந்தவருக்கு வெறுந்தேநீராயினும் கொடாது அனுப்புதல் லயத்தில் இழிவு. அத்தேநீரைத் தொடாத விருந்தினர் நல்லவராயினும், அவருடைய விலக்கு அங்கே பழைய சாதித் தீண்டாமையின் சாயலோடு தோன்றுதல் கூடும். ஆபிரிக்க வழித்தோன்றல்களுக்கு 1978 வரை இச்சபையிற் குருத்துவம் மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் சாதியால் நொந்த மக்கள் அறிந்திருத்தல் நலம். சைவக் கோயில்களின் வாயில்களும் நெடுங்காலம் சிலருக்கு அடைபட்டிருந்தன என்பதை உடன் நினைவிற்கொண்டே அதனைச் சொல்லல் வேண்டும்.

இவ்வனைத்தினும் ஆழமாக மலைநாட்டு இந்துவைத் தொடக்கூடியது முன்னோர் பற்றிய கொள்கை. 1840இல் சிமித்து அறிவித்தபடி, திருமுழுக்குப் பெறாது இறந்தோர்க்காக உயிரோடிருப்போர் பதிலாளாய் நின்று முழுக்கு ஏற்பர். அதன்பொருட்டே உலகெங்கும் வமிச வரலாறுகளைத் திரட்டுகின்றனர். அரித்துவாரத்துப் பண்டாக்கள் வைத்திருக்கும் இந்துக் குடும்பப் பதிவேடுகளையும் 1970களின் பிற்பகுதி முதல் நுண்படம் எடுத்தனர். பண்டா எழுதிய ஏடு எதுவும் தோட்டத் தமிழனுக்கு இல்லை. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை நடந்த வழியில் இறந்தோருட் பலர் கருமாதியின்றியே மண்ணாயினர். தோட்டத்தில் 'பேர்' என்பது செக்ரோலில் விழும் ஒருநாள் வேலைக் கணக்கு. குறைந்தால் அது 'அரைப்பேர்'. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டபோது, சான்றில்லாமையே அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருகரையிலும் பிரித்தது. குடும்பம் மரணத்துக்கப்பாலும் பிரியாது என்றும், மறைந்தோர் ஒவ்வொருவரும் பெயர்சொல்லி அழைக்கப்படுவர் என்றும் கூறும் ஒரு நெறி இம்மக்கள் செவியில் எவ்வளவு இனிமையாக ஒலிக்கும் என்பதை இந்துப் பெரியோர் இன்னும் எண்ணிப் பார்த்திலர்.

ஆனால் பெயர் எதற்காக அழைக்கப்படுகின்றது என்பதே வினா. மறைந்த உயிர் அம்முழுக்கை ஏற்கவும் மறுக்கவும் உரிமையுடையது என்பது சபையின் விளக்கம், அது கவனிக்கத்தக்கதே. எனினும் காந்தியடிகளுக்கும் அவ்வாறு பதில்முழுக்கு நிகழ்ந்ததென 2012இற் செய்தி வெளியானபோது இந்துக்கள் சிலர் மனம் நொந்தனர். தத்தம் முன்னோர் பெயரையே அளித்தல் வேண்டும் என்று சபையே விதித்துள்ளது. அவ்விதி மீறப்படுதலும் உண்டு. தர்ப்பணத்தில் எள்ளும் நீரும் இறைக்கும் இந்துவும், தாய் தந்தை சுற்றம் யாருமற்று மாண்டோர்க்காக ஒருகை நீர் விடுகின்றான். அந்நீர் இறந்தவரின் தாகத்துக்கு. அவர் எந்நெறியில் இருந்தார் என்பதை அது கேட்பதில்லை, மாற்றுவதுமில்லை. மலைநாட்டிலோ அவ்வொருகை நீரும் பல குடும்பங்களில் அற்றுவிட்டது. மூன்று தலைமுறைப் பெயர் சொல்லத் தெரிந்தோர் அருகிவிட்டனர். அப்பெயர்களைக் கேட்டறிந்து எழுதிவைக்கும் பணியை, ஆயிரக்கணக்கான காதத்துக்கு அப்பாலுள்ள ஒரு சபை தன் சமயக் கடனாகச் செய்கின்றது. அட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள இந்து மன்றங்களும் கோயிற் பரிபாலன சபைகளும், முதியோர் எஞ்சியிருக்கும் இக்காலத்திலேயே, தத்தம் தோட்டங்களில் அதனைத் தொடங்குவதற்குத் தடையொன்றும் இல்லை.