இழுத்தால் திறக்கும் வால்வு

அமெரிக்காவின் புயல் அடிக்கும் கரையோரங்களில் பெட்ரோல் ஜெனரேட்டரைப் புரொப்பேனுக்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அந்த மாற்றத்தில் என்னை மயக்குவது ஒரு சிறு ரெகுலேட்டர்தான். உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வு. எஞ்சினின் பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை இழுக்கும்போது சவ்வு அசைந்து வால்வைத் திறக்கிறது; எஞ்சின் கேட்ட அளவே வாயு போகிறது. சுமை கூடினால் கூடுதலாகப் போகும். எஞ்சின் நின்றால் வழி அடைபடும். வெறும் உறிஞ்சலைக் கொண்டே இவ்வளவு நுட்பம்!

புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். உறைபனிக் காலத்திலும் ஆவி கிடைக்கும். ஆனால் சின்ன சிலிண்டரிலிருந்து பெரிய எஞ்சின் வேகமாக இழுத்தால் சிலிண்டர் சில்லிட்டு, வெளியே பனி பூத்து, அழுத்தம் விழுந்துவிடும். ஆகவே தொட்டி பெரிதாக இருப்பது நல்லது.

புரொப்பேனுக்கு மாறினால் ஜெனரேட்டரின் திறன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். குறையட்டும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். புரொப்பேனோ வருடக்கணக்கில் கெடாது. புயல் நாளுக்காக ஆண்டெல்லாம் சும்மா நிற்கும் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான எரிபொருளை நான் அறியேன். புகையில் கார்பன் மோனாக்சைடு அப்போதும் உண்டு. வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தே ஓட்ட வேண்டும்.