குமிழி இருந்தா நல்ல லென்ஸா?

பழைய லென்ஸ் விற்கிறவங்க அடிக்கடி சொல்ற வாதம் ஒண்ணு உண்டு: கண்ணாடிக்குள்ள காற்றுக் குமிழி தெரிஞ்சா அது அசல் ஜெனா கண்ணாடி, உயர்ந்த சரக்கு. இதை நம்பி ஒரு பழைய டெஸ்ஸாருக்கு (50 மிமீ, எஃப்/2.8) நானும் கூடுதலாகப் பணம் கொடுத்தேன். அதனால கொஞ்சம் எரிச்சலோடதான் எழுதுறேன்.

வாதத்தில் பாதி உண்மை. 1884-ல் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அபே முதலானோருடன் சேர்ந்து ஜெர்மனியின் ஜெனா நகரில் கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கினார். அங்கே உருவான பேரியம் கண்ணாடி ஒளியை நல்லா வளைக்கும், ஆனால் நிறங்களை அதிகம் பிரிக்காது. 1890-ல் பால் ருடோல்ஃப் வடிவமைத்த ப்ரோட்டார் லென்ஸுக்கு இந்தப் புதுக் கண்ணாடிதான் அடிப்படை.

சிக்கல் உருக்குவதில். குமிழிகள் மேலே வந்து வெளியேறணும்னா உருகிய கண்ணாடியை அதிக சூட்டில் நெடுநேரம் வைக்கணும். ஆனால் பேரியம் கலவை, தான் இருக்கும் களிமண் கலத்தையே அரிக்கும். அந்தக் களிமண் கரைந்து கலந்தால் கண்ணாடிக்குள் நெளிநெளியா வரிகள் ஓடும், சர்க்கரைப் பாகில் தண்ணீர் ஊற்றினா தெரியுமே, அது மாதிரி. வரி ஒளியைத் தப்பான திசையில் திருப்பிப் படத்தையே கெடுக்கும். குமிழி கொஞ்சம் ஒளியை மறிக்கும், சிதறடிக்கும், அவ்வளவுதான். என் டெஸ்ஸாரின் ஒளித்துளை விட்டம் சுமார் 18 மிமீ. 0.3 மிமீ குமிழி மறைப்பது அதில் 3,600-ல் ஒரு பங்கு! ரெண்டு தொல்லையில் சின்னதை ஏத்துக்கிட்டாங்க.

ரிலீஸ் தேதிக்காக நாங்க தெரிஞ்சே விட்டுவைக்கிற பக் மாதிரிதான் இது. அதையே ஃபீச்சர்னு சொல்லி விலை ஏத்தினா எப்படி? பிற்காலத்தில் பிளாட்டினம் கலங்கள் வந்ததும் இந்தச் சமரசத்துக்கான தேவை குறைஞ்சது. குமிழிதான் தரம்னா இன்றைய சுத்தமான கண்ணாடியெல்லாம் மட்டம்னு ஆகணும். தவிர, நல்ல கண்ணாடியையும் மோசமாகத் தேய்த்துப் பொருத்த முடியும்.

குமிழியைப் பார்த்ததும் லென்ஸை ஒதுக்குறவங்களும் தப்புதான். ஃபோகஸ் விலகிய விளக்கு வட்டங்களில் எப்பவாவது ஒரு புள்ளியா தெரியலாம். படத்தளத்தை ஒட்டிய கண்ணாடியில் இருந்தால் மட்டும் கதை வேற, அங்கே குமிழி படத்திலேயே விழும்.

என் டெஸ்ஸாரை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். விற்றவர் மூணு குமிழின்னு சொல்லியிருந்தார். ரெண்டு சரி, உருண்டையா, விளிம்பு மின்ன இருந்துச்சு. மூணாவதுக்கு நூல் நூலா கிளைகள். பூஞ்சை.