மூடுல்: இலவசம் சரி, பார்த்துக்கொள்வது யார்?

ஆசிரிய நண்பர்களே, 2002இல் ‘மூடுல்’ மென்பொருளை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், பள்ளிக்கூடம் எட்டாத ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வானொலி வழி படித்தவர். 2005இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதைத் தேர்ந்தெடுத்தது. நம்ம மலாயாப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்பெக்ட்ரம்’ தளமும் மூடுல்தான்.

இலவசம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: முழுப் பாடத்தையும் ஒரே கோப்பாக இறக்கி நாமே வைத்துக்கொள்ளலாம். முன்பு வேறொரு தளம் மாறியபோது நான் போட்ட பயிற்சிகள் எல்லாம் போச்சு! செயலியில் பாடத்தை இறக்கிவிட்டால் லைன் இல்லாமலும் படிக்கலாம். பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டப் பிள்ளைங்களுக்கு அதுதான் வேண்டும்.

குறை? சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஆட்கள் உண்டு, நம்ம பள்ளியில்? தனித்தனியாக முயன்றால் முடியாது. சங்கம் ஒரு தளம் நடத்தட்டும். பாடங்களை நாம் போடுவோம்.