சிக்கந்தர் பாக் படமும் பரணிக் களமும்

1857ஆம் ஆண்டுப் பெரும்புரட்சியைக் கூறும் வரலாற்று நூல்களில் அடிக்கடி இடம்பெறும் நிழற்படம் ஒன்று உண்டு. லக்னோ நகரத்துச் சிக்கந்தர் பாக் மாளிகை குண்டுபட்டுச் சிதைந்து நிற்கிறது. முன்றிலில் மண்டையோடுகளும் எலும்புகளும் பரவிக் கிடக்கின்றன. இந்தியர் சிலர் அங்கு நிற்கின்றனர். எடுத்தவர் பெலிசே பியாட்டோ. போரை நேரில் கண்ட சான்று இது என்றே பலரும் கொள்வர். அக்கருத்து ஆராயத்தக்கது.

அங்குப் போர் நிகழ்ந்தது 1857 நவம்பர் 16. சிப்பாய்கள் ஏறத்தாழ 2000 பேர் மடிந்தனர். பியாட்டோ லக்னோ சேர்ந்ததோ 1858இல். மூடப்பட்டிருந்த உடல்களைப் படம் பிடிப்பதற்கென்றே அவர் திறக்கச் செய்தார் என்று ஜார்ஜ் காம்பெல் என்னும் ஆங்கில அதிகாரி தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார்.

அக்காலக் கருவியின் குறையும் இதற்கு ஒரு காரணம். 1851இல் ஆர்ச்சர் வெளியிட்ட முறைப்படி, கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். ஒளி சில நொடிகளேனும் விழவேண்டியிருந்ததால் ஓடும் வீரன் தகட்டில் பதியான். ஆகவே போர் ஓய்ந்த களமே படத்துக்கு ஏற்றதாயிற்று. 1855இல் கிரிமியா சென்ற ரோஜர் பென்டன் ஒரே பள்ளத்தாக்கை இருமுறை எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலைமேல் கிடக்கின்றன, மற்றொன்றில் சாலை வெறுமையாக உள்ளது. 1862இல் பினாங்கில் தொழில் நடத்திய ஜான் தாம்சன் கையாண்டதும் இந்த ஈரத்தகட்டு முறையே. சோழமண்டலக் கரையினர் இருவரை அவர் அச்சிடவும் உடனிருந்து உதவவும் பழக்கினார் என்பது பினாங்குத் தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி. இவ்வூர் வெயிலில் தகடு எத்துணை விரைவில் உலரும் என்பதை அவ்விருவரே நன்கறிந்திருப்பர்!

கலிங்கத்துப்பரணியில் சயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடுவதைப் பாடுகிறார். அதைக் கண்கூடான செய்தியென்று எந்த மாணவனும் மயங்கான். புலவர் தம் கற்பனையை மறைக்கவில்லை. பியாட்டோவின் படமோ, கையால் ஒழுங்கு செய்த களத்தைத் தற்செயலாகக் கண்டதுபோல் காட்டுகிறது. குற்றம் அங்கேதான். மற்றபடி இரண்டும் வென்றவர் பக்கத்துக் கலைகளே. 1860இல் சீனத்து டாகு கோட்டையிலும் பியாட்டோ படமாக்கியது சீனர் பிணங்களையே.

இதனால் லக்னோப் படத்தைப் பொய்யெனத் தள்ளுவது பொருந்தாது. எலும்புகள் மெய்யானவை, மூடிய உடலையும் மீண்டும் திறக்கத் துணிந்த அதிகாரத்துக்கு அவை வலிய சான்று. வகுப்பில் அதைக் காட்டும் ஆசிரியர், போர் 1857, படம் 1858 என்று இரண்டு ஆண்டுகளையும் அதன்கீழ் எழுதிவிடுவது நலம். அங்கு நிற்கும் இந்தியரையும் மாணவர்க்குச் சுட்டலாம். தகட்டில் பதியும்வரை அவர்கள் அசையாது நின்றிருக்கவேண்டும்.