திரிப்போலிப் போரும் ஒரு சொற்பொழிவும்

கவிஞர்கள் போரை வெறுப்பவர்கள் என்றே நாம் பொதுவாக எண்ணியிருக்கிறோம். இத்தாலியக் கவிஞர் ஜியோவன்னி பாஸ்கொலி 1911 நவம்பரில் பார்கா என்னும் சிற்றூரில் ஆற்றிய சொற்பொழிவு அந்த எண்ணத்தைக் குலைக்கிறது. பறவைகளையும் வயல்வெளிகளையும் மென்மையாகப் பாடியவர் அவர். இளமையில் சமதர்மக் கொள்கைக்காகச் சிறை சென்றவருங்கூட.

சொற்பொழிவின் முற்பகுதி நம் நெஞ்சைத் தொடுகிறது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த இத்தாலிய ஏழைகள் அயலாரின் சுரங்கங்களிலும் சாலைகளிலும் பட்ட இழிவை அவர் உருக்கமாக எடுத்துரைக்கிறார். அந்த வேதனை பொய்யன்று. ஆயின் அதற்கு அவர் கண்ட மருந்தோ பிறர் மண்! லிபியாவில் வாழ்ந்த மக்கள் நிலத்தைப் பாழாக்கிய சோம்பேறிகளாக மட்டுமே அவ்வுரையில் தோன்றுகின்றனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், ஷாரா ஷத் தாக்குதலுக்குப் பழிவாங்குவதாகச் சொல்லித் திரிப்போலிச் சோலைகளில் அரபு மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பலர் திரெமித்தி, உஸ்திக்கா தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். நாம் தேடிப் பார்த்தோம். அவர்களுக்காக ஒரு சொல் அவ்வுரையில் இல்லை.

பாஸ்கொலி பேசியது போர் மூண்ட பின்னர். மூட்டியவர்கள் வேறு. 1896இல் அத்வாவில் பட்ட தோல்வியின் வடு ஆறாதிருந்தது. 1911 நாடு ஒன்றுபட்டதன் ஐம்பதாம் ஆண்டு. முந்திய ஆண்டில் தோன்றிய தேசியவாதச் சங்கத்தின் என்ரிக்கோ கொர்ராதினி போன்றோர், திரிப்போலி ஒரு பொன்விளையும் பூமி என்று ஏடுகளில் இடைவிடாது எழுதினர். 'மணற்பெட்டி' என்று சல்வேமினி எள்ளி எழுதியதைக் கேட்பாரில்லை. பிரதமர் ஜியோலித்தி போர் வெறியர் அல்லர். மொராக்கோவில் பிரான்சு முன்னேறியதும், வங்கி நலன்களும் அவரை நெருக்கியது உண்மையே. எனினும், தயங்கினால் கோழை எனப்படுவோம் என்னும் நிலையை உருவாக்கியவை அந்த ஏடுகளே என்பது நம் கருத்து. செப்டம்பர் 29ஆம் நாள், நாடாளுமன்றம் கூடாமலேயே உதுமானிய அரசின் மீது போர் அறிவிக்கப்பட்டது. இதனை 'வரலாற்றின் விதி' என்றார் ஜியோலித்தி. விதி என்ற சொல்லை இத்தனை மலிவாகக் கையாண்டவர்களை நாம் அதிகம் கண்டதில்லை.

மற்றொரு கவிஞர் தனுன்சியோ, பிரான்சில் இருந்தபடியே போர்ப்பாடல்களை எழுதியனுப்பினார். அவற்றுள் ஒன்று, நட்பு நாடான ஆஸ்திரியாவின் பேரரசரை வசைபாடியது. 1912 சனவரியில் அவ்வரிகளை நீக்குமாறு கட்டளையிட்டது, அதே ஜியோலித்தியின் அரசு.